புகார் வர்ற எடம் ஒண்ணு, கோளாறு இருக்கற எடம் ஒண்ணு

பழைய ஃபான்ட்ல அடிச்ச தமிழை யூனிகோடுக்கு, அதாவது இப்ப ஃபோன், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் ஓடற பொது எழுத்து முறைக்கு, மாத்திக் குடுக்கற ஒரு சின்ன விண்டோஸ் ஆப், பேர்ப்பட்டியலைத் தமிழ் அகரவரிசைல அடுக்கித் தர்ற இன்னொண்ணு, இந்த ரெண்டையும் நான் மதுரைல உக்காந்து தனியாளா பண்ணிட்டு வர்றேன். கம்பெனி கிடையாது, டெஸ்ட் பண்ண ஆள் கிடையாது. கம்ப்யூட்டர்ல பக்கம் அமைச்சு அச்சுக்குக் குடுக்கற டிடிபி சென்டர்காரங்க, சின்னப் பத்திரிகை நடத்தறவங்க, கோயில் கமிட்டி ஆபீஸ், இலங்கைல இருந்து சில பேர்னு யூஸ் பண்றவங்க இருக்காங்க, அவங்க சொல்றத கேட்டு கேட்டுத்தான் ரெண்டும் இன்னைக்கு உருப்படியா நிக்குது. இதே மாதிரி குட்டி டெஸ்க்டாப் ஆப் பண்ற பசங்க "ஃபீட்பேக் எப்படிண்ணா வாங்கறது, வந்ததுல எதை எடுத்துக்கறது எதை விடறது"ன்னு அடிக்கடி கேக்கறாங்க, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மேட்டர் புரியணும்னா பழைய ஃபான்ட் சமாச்சாரம் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். யூனிகோடுல தமிழுக்கு 1991லயே எடம் குடுத்தாச்சு, ஆனா விண்டோஸ்ல அது ஒழுங்கா தெரிய ஆரம்பிச்சது விண்டோஸ் 2000ல லதா ஃபான்ட் கூடவே வந்தப்பதான். அதுக்கு முன்னாடியும், ஏன் அதுக்கப்புறம் பல வருஷமும், ஆளுக்கொரு என்கோடிங், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண்ணுன்னு ஒரு கணக்கு. 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல டாம், டாப்னு ரெண்டு என்கோடிங்கையும் தமிழ்99 கீபோர்டையும் முன்னாடி வெச்சாங்க, இந்தப் பக்கம் டிஸ்கின்னு ஒண்ணு, இலங்கைல எங்க பாத்தாலும் பாமினி ஃபான்ட், டிடிபி உலகத்துல கம்பெனிக்கு ஒரு ஃபான்ட் குடும்பம். தமிழ்நாடு அரசு யூனிகோடுதான் தரம்னு அரசாணை போட்டதே 2010லதான். அப்ப அதுவரைக்கும் அடிச்சு வெச்ச லட்சக்கணக்கான பக்கம் எல்லாம் எதுல இருக்கு? இந்தப் பழைய ஃபான்ட்டுங்கள்ல.

பாமினில "தமிழ்"னு அடிக்கணும்னா ஜே, கே, பி, ஓ, செமிகோலன், இந்த அஞ்சு கீயை வரிசையா தட்டணும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் ஃபைல்ல இருக்கறது அந்த இங்கிலீஷ் எழுத்துங்கதான், பாமினி ஃபான்ட்டை மாட்டுனா நம்ம கண்ணுக்குத் தமிழாத் தெரியும், ஃபான்ட்டை எடுத்துட்டா ஒண்ணும் புரியாது. கொம்பு வேற கண்ணுக்குத் தெரியற வரிசைலயே, அதாவது மெய்க்கு முன்னாடியே உக்காந்திருக்கும், யூனிகோடுல அது மெய்க்குப் பின்னாடி போகணும். இவ்ளோதானே, ஒரு டேபிள் போட்டு மாத்தி விட்டா முடிஞ்சுதேன்னு தோணும். டேபிள் எழுதறது ஒரு நாள் வேலை. மிச்ச அத்தனையும் யூசருங்க சொல்லித்தான் தெரிய வரும்.

யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மாணவர்கள் டைப் பண்ணிக் குடுத்த பழைய ஆய்வுக் கட்டுரை எல்லாம் பாமினில கெடக்கு, அதை மாத்திட்டிருக்கார். ஒரு நாள் வாய்ஸ் மெசேஜ், "தம்பி, உங்கட கன்வேர்ட்டர் வசனத் தொடக்கத்தில எல்லாம் பிழை விடுது, அவர் எண்டு இருக்க வேண்டியது ஆவர் எண்டு வருது, கடிதம் எண்டுறது குடிதம் எண்டு வருது, ஒருக்கா பாருங்கோ." வாக்கியத்தோட நடுவுல அதே சொல் வந்தா சரியா இருக்கு, தொடக்கத்துல வந்தா மட்டும் தப்பு. மாத்தற கோடுக்கு வாக்கியம் எங்க தொடங்குதுன்னே தெரியாது, அதனால இது ஆப்புக்குள்ள நடக்கறதா இருக்க முடியாது. ஒரிஜினல் ஃபைலை அனுப்புங்கய்யான்னு கேட்டு வாங்கிப் பாத்தா, ஃபைல்லயே அப்படித்தான் இருக்கு. பாமினில சின்ன எஃப் அடிச்சா க, பெரிய எஃப் அடிச்சா கு. சின்ன எம் அ, பெரிய எம் ஆ. எம்எஸ் வேர்டுல வாக்கியத்தோட முதல் எழுத்தைத் தானா பெருசாக்கற ஆட்டோகரெக்ட் இருக்கு பாருங்க, அது இதை இங்கிலீஷ்னு நெனச்சுக்கிட்டு ஒவ்வொரு வாக்கியத் தொடக்கத்தையும் திருத்தி விட்டிருக்கு. டைப் பண்ண பையன் கவனிக்கல, கட்டுரை பெரிசு, யாரும் திரும்பிப் படிக்கல.

இங்க ஒரு டெவலப்பர் ரெண்டு வழில போகலாம். "உங்க ஃபைல்லதான் சார் தப்பு, என் ஆப்புல இல்ல"ன்னு பதில் போட்டுட்டு புகாரை மூடிடலாம். அது உண்மையும் கூட. ஆனா அந்த ஐயாவுக்கு வேண்டியது யார் மேல தப்புன்ற தீர்ப்பு இல்லயே, அவருக்கு வேண்டியது சரியான கட்டுரை. அதனால மாத்தி முடிச்சதும் முற்றுப்புள்ளிக்கு அடுத்து வர்ற முதல் சொல்லை மட்டும் எடுத்து, அதோட முதல் எழுத்து பெருசாகியிருந்து, சின்னதாக்கிப் பாத்தா சொல்பட்டியல்ல இருக்கற ஒரு சொல் வருதான்னு பாத்து, வந்தா மஞ்சள் கலர் அடிச்சுக் காட்டற மாதிரி பண்ணேன். தானா திருத்தற மாதிரி வெக்கல, ஏன்னா "ஆவர்"ங்கறதும் நல்ல தமிழ்ச் சொல்தான், "அது", "ஆது" மாதிரி கேஸ்ல சந்தேகமே இல்ல, ஆனா "கரு", "குரு" ரெண்டும் சொல், எது சரின்னு எழுதுனவருக்குத்தான் தெரியும். ஐயா ஒவ்வொரு மஞ்சளா க்ளிக் பண்ணிட்டே போறார், நிம்மதியா இருக்கார்.

தலைப்புல சொன்னது இதைத்தான். ஒருத்தர் புகார் சொல்றது அவர் கண்ணுக்குக் கடைசியா பட்ட எடத்தைப் பத்தி, அது பெரும்பாலும் நம்ம ஆப் விண்டோவா இருக்கும். கோளாறு அதுக்கு நாலு படி முன்னாடி எங்கயோ கெடக்கும். அதனால புகார் வந்த உடனே கோடைத் தொறக்காம நான் கேக்கறது மூணே விஷயம்: இந்த ஃபைல் உங்களுக்கு எங்க இருந்து வந்துச்சு, என் ஆப்புக்குள்ள போடறதுக்கு முன்னாடி இதை எதுல தொறந்தீங்க, மாத்தினதுக்கப்புறம் எங்க கொண்டு போறீங்க. ஃபோட்டோ வேண்டாம், ஃபைலே வேணும். ஃபோன்ல மானிட்டரைப் படம் பிடிச்சு அனுப்புவாங்க, அதுல எழுத்து உடைஞ்சு தெரியறது மட்டும்தான் தெரியும், எதனால உடைஞ்சுதுன்னு தெரியாது.

சில சமயம் புகார் வர்ற எடத்துலயேதான் கோளாறும் இருக்கும், அதுலயும் யூசர் சொன்னாத்தான் தெரியும்னு ஒரு ரகம் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச புகார் அந்த ரகம். கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து ஒரு எழுத்தாளர், கரிசல் வட்டார வழக்குலதான் கதை எழுதுவார், அவரோட பழைய தொகுப்பை மறுபதிப்பு போடணும். மாத்தின ஃபைலைப் படிச்சுட்டு செம கோவமா பேசினார், "நான் கெளம்பிட்டான்னு எழுதியிருக்கேன், நீ என்னய்யா கௌம்பிட்டான்னு மாத்தி வெச்சிருக்க, வெளயாட்டுன்றது வௌயாட்டுன்னு வந்திருக்கு, எங்க ஊர் பேச்சையே குலைச்சுப்புட்டியே."

பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல ஔகாரத்துக்குன்னு தனி எழுத்து கிடையாது. கொம்பு, மெய், அப்புறம் ள, இந்த மூணையும் சேத்து அடிச்சாத்தான் "கௌ". அதே மூணை அடிச்சாத்தான் "கெள"வும். ஃபைல்ல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. எல்லா கன்வர்ட்டரும் பொதுவா என்ன பண்ணும்னா மூணு சேர்ந்து வந்தாலே ஔகாரம்னு முடிவு பண்ணிடும், "வெளியீடு"ங்கற சொல் இணையத்துல வௌ போட்டு, பக்கத்துல புள்ளி வட்டம் போட்டு உடைஞ்சு நிக்கறத நீங்க எத்தனையோ எடத்துல பாத்திருப்பீங்க, அது இதனாலதான். ளகரத்துக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தா அது நிஜமான ள, விட்டுடுன்னு ஒரு விதி போட்டா வெளியீடும் வெள்ளமும் தப்பிச்சிடும், அந்த விதி என்கிட்ட முதல்லயே இருந்துச்சு. ஆனா கெளம்பு, வெளக்கு, வெளயாட்டு, இதுல எல்லாம் ள வெறுமனே நிக்குது, பின்னாடி ஒரு குறியும் இல்ல. எழுத்துத் தமிழ்ல இப்படி வராது, கிளம்பு விளக்கு விளையாட்டுன்னுதான் வரும். பேச்சுத் தமிழ்ல கதை எழுதறவங்க ஃபைல்லதான் இது வரும், அதுவும் பக்கத்துக்குப் பக்கம்.

அவர்கிட்ட கோவம் தணிஞ்சதும், உங்க தொகுப்புல நிஜமான ஔகாரம் எங்கெல்லாம் வருதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களான்னு கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு எழுதி அனுப்பினார்: மௌனம், கௌரவம், பௌர்ணமி, வௌவால், கௌசல்யான்னு ஒரு பாத்திரம். அவ்ளோதான் மொத்தத் தொகுப்புக்கும். அப்பத்தான் வழி தெளிவாச்சு. தமிழ்ல ஔகாரம் வர்ற சொல்லு ரொம்பக் கம்மி, சௌகரியம், லௌகீகம், யௌவனம், பௌத்தம், சௌராஷ்டிரம்னு கொஞ்சம் சேத்தா பெரும்பாலும் அடங்கிடும். அதனால விதியைத் தலைகீழாத் திருப்பினேன், மூணு சேந்து வந்தா ளகரம்தான், பட்டியல்ல இருக்கற சொல்லா இருந்தா மட்டும் ஔகாரம். பட்டியல்ல சொல் சேக்கறதுக்கு யூசருக்கே ஒரு எடம். சௌந்தர்யா, கௌதம்னு ஆள் பேரெல்லாம் அவங்கவங்களே போட்டுக்கறாங்க. அந்த எழுத்தாளர் இப்பவும் வட்டாரச் சொல் கிடைக்கறப்ப எல்லாம் அனுப்பிட்டே இருக்கார், நான் டெஸ்ட்ல சேத்துட்டே இருக்கேன்.

இந்த டெஸ்ட் ஃபைல் பத்தி இங்கயே சொல்லிடறேன். பெரிய ஃப்ரேம்வொர்க் ஒண்ணும் வேண்டாம். ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஒரு வரில பழைய ஃபான்ட் எழுத்து, அதுக்கு எதிர்ல வர வேண்டிய யூனிகோடு, அதுக்கு எதிர்ல யார் எப்ப சொன்னாங்கன்னு ஒரு குறிப்பு. ஒவ்வொரு புகாரும் சரிபண்றதுக்கு முன்னாடி இதுல ஒரு வரியா ஏறிடும். ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி மொத்தத்தையும் ஓட விடுவேன், ஒரு வரி தப்பினாலும் ரிலீஸ் கிடையாது. தனியாளா பண்றவங்களுக்கு இதை விடப் பெரிய காவல் வேற இல்லன்னு நான் உறுதியா சொல்லுவேன், ஏன்னா கெளம்புவை சரி பண்றேன்னு போய் மௌனத்தைக் கெடுத்துட்டு வர்றது இந்த வேலைல ரொம்ப சுலபம்.

அடுத்து, நேர்ல போய்ப் பக்கத்துல உக்காந்து பாக்கறது. மேலமாசி வீதிப் பக்கம் ஒரு டிடிபி சென்டர், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அடிப்பாங்க. அந்த அண்ணன் என் ஆப்பை வாங்கி வெச்சிருந்தார், கன்வர்ட் பட்டன் இன்னும் பெருசா வேணும்னு ஒரே கோரிக்கை. பட்டனைப் பெருசாக்கறதுல என்ன இருக்கு, ஆனா எதுக்குக் கேக்கறார்னு தெரியல, கடை நம்ம ஊர்லதான இருக்கு, போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன். ஒரு வார்த்தை பேசாம பாக்கணும்னு முடிவு பண்ணிட்டுப் போனேன், "அங்க க்ளிக் பண்ணுங்கண்ணே"ன்னு வாய் வரைக்கும் வரும், அடக்கிக்கணும். நீங்க சொல்லிக் குடுத்துட்டா அவர் வழக்கமா என்ன பண்றார்னு உங்களுக்குத் தெரியாமயே போயிடும்.

அங்க பாத்தது இது. பேஜ்மேக்கர் 7, அது 2001ல வந்த பக்கம் அமைக்கற சாஃப்ட்வேர், யூனிகோடு தெரியாது. டிசைன் எல்லாம் வருஷக்கணக்கா அதுலதான் சேத்து வெச்சிருக்கார், பிள்ளையார் படம், நாதஸ்வரம், பார்டர், பழக்கப்பட்ட அளவு, அதை விட்டு வெளிய வர மாட்டார், வரணும்னு எதிர்பாக்கறதும் நியாயம் இல்ல. ஆனா கஸ்டமர் மேட்டரை எப்படி அனுப்பறாங்க? வாட்ஸ்அப்ல. ஃபோன்ல அடிச்ச தமிழ், அதாவது யூனிகோடு. அதை பேஜ்மேக்கர்ல ஒட்டினா கேள்விக்குறி கேள்விக்குறியா வரும். அதனால அந்தக் கடைல ஒரு பொண்ணு வாட்ஸ்அப்பைப் பாத்துப் பாத்து மறுபடி மொத்தமும் டைப் பண்ணிட்டிருந்துச்சு. என் ஆப் பழசுல இருந்து புதுசுக்கு. அவங்க தினப்படி பொழப்பு புதுசுல இருந்து பழசுக்கு. அண்ணன் அதை என்கிட்ட கேக்கவே இல்ல, ஏன்னா அது முடியும்னே அவருக்குத் தோணல.

பட்டன் விஷயம் என்னன்னா, கடைல மானிட்டர் பழைய 1024க்கு 768, எழுத்து சின்னதாத் தெரியுதுன்னு விண்டோஸ்ல 125 பர்சன்ட் வெச்சிருக்கார், என் விண்டோவோட கீழ்ப்பகுதி டாஸ்க்பாருக்கு அடில போயிடுது, பட்டனோட மேல் விளிம்பு மட்டும் ஒரு கோடு மாதிரி தெரியுது. அந்தக் கோட்டைக் குறி பாத்து அமுக்கிட்டிருந்தார். பெருசு வேணும்னு கேட்டது அதனால. பெருசாக்கியிருந்தா இன்னும் கீழ போயிருக்கும்.

அந்த ஒரு மதியம் பாத்ததுல ஆப்போட வடிவமே மாறிடுச்சு. யூனிகோடுல இருந்து பழசுக்கு மாத்தறது சேத்தேன். விண்டோவே தேவையில்லாத மாதிரி ஒரு ஷார்ட்கட் கீ வெச்சேன், வாட்ஸ்அப் வெப்ல காப்பி பண்ணு, கீயைத் தட்டு, பேஜ்மேக்கர்ல ஒட்டு, அவ்ளோதான், நடுவுல என் ஆப்பை அவங்க பாக்கவே வேண்டியதில்ல. எந்த கீன்னு அவங்களே மாத்திக்கலாம், ஏன்னா பேஜ்மேக்கர், கோரல்ட்ரா ரெண்டுலயும் முக்கால்வாசி கீ ஏற்கனவே வேலைல இருக்கு.

தலைகீழா மாத்தறதுல வேற மாதிரி தலைவலி, அதையும் அந்தக் கடைப் பொண்ணுதான் ஒண்ணொண்ணா சொல்லுச்சு. வாட்ஸ்அப்ல போல்டு ஆக்கப் போடற நட்சத்திரக் குறி கூடவே வந்துடுது சார், எடுத்து விடுங்க. நாலு மெசேஜை சேத்து காப்பி பண்ணா ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி நேரம், தேதி, அனுப்பினவர் பேர் வருது, எடுத்து விடுங்க. பூ, கைகூப்பற பொம்மை எல்லாம் கட்டமா வருது. சில பேர் அனுப்பறதுல மட்டும் ஸ்ரீ உடைஞ்சு வருது, சில பேருக்கு நல்லா வருது.

கடைசியா சொன்னதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு, கல்யாணப் பத்திரிகைல ஸ்ரீ இல்லாத வரியே இருக்காது. யூனிகோடுல ஸ்ரீயை ரெண்டு விதமா எழுதலாம், ஸகரத்தை வெச்சு ஒண்ணு, 2005ல யூனிகோடு 4.1ல சேத்த ஶகரத்தை வெச்சு இன்னொண்ணு. ஸ்க்ரீன்ல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணாத்தான் தெரியும். எந்த ஃபோன்ல எந்த கீபோர்டுன்றதைப் பொறுத்து எது வேணா வரலாம். இதே கதைதான் ஒகரத்துலயும், "கொ"வை ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாவும் எழுதலாம். உள்ள வர்ற எழுத்தை எல்லாம் முதல் வேலையா என்எஃப்சின்னு சொல்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டு வந்துடணும், அது ஒகரத்தைப் பாத்துக்கும், ஸ்ரீயைப் பாத்துக்காது, ஏன்னா ஸவும் ஶவும் யூனிகோடு கணக்குல வேற வேற எழுத்து, அதை நாமதான் தனியா கவனிக்கணும். தமிழ் எழுத்தைத் தொடற எந்த ஆப் பண்ணாலும், தேடலோ அடுக்கறதோ எதுவா இருந்தாலும், இதை மறந்துடாதீங்க.

இன்ஸ்டால் பண்றதுல வர்ற ஃபீட்பேக்கை நெறைய பேர் ஃபீட்பேக்காவே எடுத்துக்கறது இல்ல. "ஓபன் ஆகல சார்"னு ஒரு வரில வரும், அதோட அந்த ஆள் போயிடுவார், திரும்ப வர மாட்டார். என் ஆப் ஆரம்பத்துல பைத்தான்ல இருந்துச்சு, பைஇன்ஸ்டாலர் வெச்சு ஒரே எக்ஸியா கட்டிக் குடுத்துட்டிருந்தேன். அந்த ஒத்தை எக்ஸி ஒவ்வொரு தடவை தொறக்கறப்பவும் தன்னை ஒரு டெம்ப் ஃபோல்டர்ல விரிச்சுக்கிட்டுத்தான் ஓடும், பழைய ஹார்ட்டிஸ்க்ல அது மெதுவு, ஆன்டிவைரஸுக்கும் அந்த நடத்தை சந்தேகமாப் படும். அதோட டிடிபி சென்டர்ல பாதிக்கு மேல விண்டோஸ் 7, மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரிலயே அதுக்கு சப்போர்ட்டை நிறுத்திடுச்சு, பைத்தானும் 3.8க்கு மேல அதுல ஓடாது. இவங்களை மெஷினை மாத்துங்கன்னு சொல்ல நான் யாரு. மைக்ரோசாஃப்டோட சி ஷார்ப் மொழி, விண்டோ வரையற வின்ஃபார்ம்ஸ், இதெல்லாம் ஓடத் தேவையான டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8, இதுக்கு மாத்தி எழுதினேன், விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1ல இருந்து 11 வரைக்கும் ஒரே எக்ஸி, சைஸும் ஒரு எம்பி கூட வராது, டாட்நெட் 4.8 இருக்கற மெஷின்ல பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய் வெச்சா ஓடும், விண்டோஸ் 7ல அதை ஒரு தடவை தனியா போட்டுக்கணும். மாத்தற விதி எல்லாம் டெக்ஸ்ட் ஃபைல்ல தனியா இருந்ததால வேலை பாதிதான். புதுசா என்ன டெக்னாலஜி வந்திருக்குன்னு பாக்கறத விட யூசரோட மெஷின் என்னன்னு முதல்ல கேளுங்க, உங்க யூசர் எல்லாம் விண்டோஸ் 11ல இருந்தா நீங்க வேற முடிவு எடுக்கலாம்.

விண்டோஸோட காவல் வசதி ஸ்மார்ட்ஸ்க்ரீன், அந்த விஷயம் தனி. டவுன்லோடு பண்ண எக்ஸியைத் தொறந்தா நீலக் கலர்ல ஒரு பெட்டி வந்து உங்க கம்ப்யூட்டரைக் காப்பாத்திட்டோம்னு சொல்லும், மோர் இன்ஃபோவை அமுக்கினாத்தான் ரன் எனிவே தெரியும். பாதி பேர் அதைப் பாத்ததும் வைரஸ்னு பயந்து அழிச்சிடுவாங்க, அந்த பயம் சரியான பயம்தான். ஆப் யாரோடதுன்னு உறுதி சொல்ற கோட் சைனிங் சர்ட்டிஃபிகேட் வாங்கினா பேராவது தெரியும், ஆனா 2023 ஜூன்ல இருந்து அதோட சாவியை யூஎஸ்பி டோக்கன் மாதிரி ஹார்டுவேர்லதான் வெச்சிருக்கணும்னு விதி, தனியாளுக்கு அது செலவுதான், அதுக்கப்புறமும் நல்ல பேர் சேர்ற வரைக்கும் நீலப் பெட்டி வரலாம். நான் இப்போதைக்குப் பண்றது, டவுன்லோடு கூடவே அந்த நீலப் பெட்டியோட படத்தைப் போட்டு, இப்படி வரும், ஏன் வருது, எங்க அமுக்கணும்னு தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன். "ஓபன் ஆகல" மெசேஜ் அதுக்கப்புறம் கண்கூடா குறைஞ்சுது.

வர்ற புகாரை உபயோகமா ஆக்கறதுக்கு ஆப்புக்குள்ளயே ஒரு பட்டன் வெச்சிருக்கேன், "கோளாறு சொல்ல"ன்னு பேர். அமுக்கினா ஆப் வெர்ஷன், விண்டோஸ் வெர்ஷன், ஸ்க்ரீன் அளவு, எத்தனை பர்சன்ட் ஸ்கேலிங், எந்த ஃபான்ட்ல இருந்து எந்த ஃபான்ட்டுக்கு, இது எல்லாம் க்ளிப்போர்டுல ஏறிடும், வாட்ஸ்அப்ல வந்து ஒட்டினா போதும். எதையும் தானா எனக்கு அனுப்பாது. பத்திரிகை மேட்டர்ல ஊர், பேர், ஃபோன் நம்பர், யாரு யாருக்குக் கல்யாணம், எல்லாம் இருக்கு, அது அந்தக் குடும்பத்தோட சொத்து. மாதிரி வரி வேணும்னா அவங்களே பாத்து, பேரை மாத்தி அனுப்பச் சொல்லுவேன். இன்டர்நெட்டே இல்லாம ஓடற ஆப்ன்றதாலதான் பல ஆபீஸ்ல இதை வெச்சிருக்கவே விடறாங்க.

டைப் பண்ணச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீங்க. டெக்ஸ்ட்ல "சரியா வரல"ன்னு ரெண்டு வார்த்தை எழுதற அதே ஆள் வாய்ஸ் மெசேஜ்ல மூணு நிமிஷம் பேசுவார், "காலைல இருந்து இதே ரோதனை, பொண்ணு வீட்டுக்காரங்க எதிர்ல உக்காந்திருக்காங்க, ப்ரூஃப் பாத்துட்டு..."ன்னு ஆரம்பிச்சு சொல்ற அந்தக் கதைக்குள்ளதான் நமக்கு வேண்டியது இருக்கும். எதிர்ல கஸ்டமர் உக்காந்திருக்காங்கன்றது தெரிஞ்சதாலதான் மாத்தினதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டு வர ஒரு கீ வெச்சேன், அவசரத்துல தப்பா ஒட்டிட்டா உடனே மீட்கணும்ல.

வேர்டு ஃபைல்ல ஒரு புகார், "கொம்பு தனியா நிக்குது, அதுவும் அங்கங்க மட்டும்." டாக்எக்ஸ் ஃபைல் ஒரு ஜிப், உள்ள எக்ஸ்எம்எல். வேர்டு தன்னோட வசதிக்கு, எப்ப எடிட் பண்ணதுன்னு குறிச்சு வெக்க, ஒரே சொல்லைக் கூட ரெண்டு மூணு துண்டா வெட்டி வெச்சிருக்கும். கொம்பு ஒரு துண்டுல, மெய் அடுத்த துண்டுலன்னு ஆயிடும், துண்டு துண்டா மாத்தினா கொம்பு அநாதையா நிக்கும். ஒரே ஃபான்ட்ல பக்கத்து பக்கத்துல இருக்கற துண்டை எல்லாம் சேத்து மாத்தணும், ஃபான்ட் மாறினா நிறுத்திடணும். அப்பத்தான் நடுவுல டைம்ஸ் நியூ ரோமன்ல இருக்கற இமெயில் விலாசம் தமிழாகாம தப்பிக்கும்.

எல்லாக் கோரிக்கையும் செய்யறது இல்ல. ஸ்கேன் பண்ண பக்கத்தைப் படிக்கணும், பிழை திருத்தணும், தெலுங்குக்கும் வேணும்னு கேப்பாங்க. நல்ல கோரிக்கைதான், ஆனா ஒவ்வொண்ணும் தனி ஆப் அளவுக்கு வேலை, நான் ஒருத்தன். முடியாதுன்னு அன்னைக்கே சொல்லிடுவேன், அதுக்கு வேற என்ன இருக்குன்னு தெரிஞ்சா அதையும் சொல்லுவேன். பாக்கலாம்னு இழுத்தடிக்கறதுதான் மனுஷனை நோகடிக்கும், அவர் நம்பிக் காத்துட்டிருப்பார்.

ரெண்டாவது ஆப்பே இப்படி ஒரு முடியாதுல இருந்து பிறந்ததுதான். கோயில் கமிட்டி ஆபீஸ்ல நன்கொடையாளர் பட்டியலை அகரவரிசைல அடுக்கித் தர முடியுமான்னு கேட்டாங்க, கன்வர்ட்டருக்குள்ள அதைத் திணிக்க மனசில்ல, தனியா பண்ணேன். யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினா ர, ற, ல, ள, ழ, வன்னு போகும், ன வந்து ந பக்கத்துல உக்காந்துக்கும், நம்ம வரிசை ய ர ல வ ழ ள ற ன. கல்வெட்டுல பொறிக்கப் போற பட்டியல், பெரியவங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. அதுல வந்த முக்கியமான ஃபீட்பேக் ஒண்ணுதான், சிஎஸ்வியா, அதாவது கமா போட்டுப் பிரிச்ச டெக்ஸ்ட் ஃபைலா, எடுத்து எக்ஸெல்ல தொறந்தா தமிழ் எல்லாம் தலைல கோடு போட்ட இங்கிலீஷ் ஏ எழுத்தா வருதுன்னு. ஃபைலோட ஆரம்பத்துல இது யூனிகோடுன்னு அடையாளம் சொல்ற யூடிஎஃப்-8 பாம் மூணு பைட்டை எழுதி விட்டா எக்ஸெல் புரிஞ்சுக்கும்.

ரிலீஸை எப்ப விடறதுன்றதையும் யூசரைப் பாத்துத்தான் முடிவு பண்றேன். தை, ஆவணின்னு முகூர்த்த சீசன்ல கடைக்காரங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அப்ப போய்ப் புது வெர்ஷனைக் குடுத்து ஒரு கீ மாறிப் போச்சுன்னா அன்னைக்கு வேலையே நின்னுடும். ஆடில பத்திரிகை வேலை கம்மி, பெரிய மாத்தம் எல்லாம் ஆடிலதான், மத்த மாசம் சின்னச் சின்னக் கோளாறு சரிபண்றது மட்டும். தானா அப்டேட் ஆகற வசதி வெக்கல, பழைய வெர்ஷன் எக்ஸி எல்லாம் எடுத்துக்கற மாதிரி அப்படியே வெச்சிருக்கேன், புதுசு பிடிக்கலன்னா பழசுக்குப் போய்க்கலாம். புது வெர்ஷன்ல என்ன மாறிச்சுன்னு எழுதறப்ப யார் சொன்னதால மாறிச்சுன்னும் சேத்து எழுதுவேன், பேர் போடாம, "யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருத்தர் சொன்னது", "மேலமாசி வீதில பத்திரிகை அடிக்கறவங்க சொன்னது"ன்னு. அதைப் படிச்சுட்டு, சொன்னா நடக்குது போலன்னு அதுவரைக்கும் வாயே திறக்காத ஆளுங்க எழுத ஆரம்பிக்கறாங்க.

அடுத்த ஆடிக்கு வேலை ஓடிட்டிருக்கு. பழைய ஃபான்ட்ல எடுத்த பிடிஎஃப்ல இருந்து எழுத்தை எடுக்கணும்னு நாலஞ்சு சின்னப் பத்திரிகைக்காரங்க கேட்டிருக்காங்க, பிடிஎஃப்ல ஃபான்ட் பேரே சில சமயம் மாறிப் போயிருக்கும், எழுத்து எண்ணும் மாறிப் போயிருக்கும், அதனால ஒரே பக்கத்தோட பிடிஎஃப்பும் அதோட மூல பேஜ்மேக்கர் ஃபைலும் ஜோடியா யார்கிட்ட இருக்கோ அனுப்புங்கன்னு கேட்டிருக்கேன், இப்போதைக்கு மூணு ஜோடி வந்திருக்கு, அதுல ரெண்டுல ணகரம் காணோம், மூணாவதுல எல்லாம் இருக்கு, ஏன்னு பாத்துட்டிருக்கேன்.